மூன்றாவது டாப்-அப்பில் ஓர் அட்வெஞ்சர் பைக்

கேள்வி: எனக்கு வயது 33, சொந்த ஊர் சங்கரன்கோவில். இமாசலப் பிரதேசத்தில் பத்தி என்னும் தொழில் நகரில், ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 68,000 ரூபாய். வாடகை 14,000, ஊருக்கு அனுப்புவது 15,000, எங்கள் இருவரின் வீட்டுச் செலவு 18,000, கடன் தவணை 11,075 போக மாதம் பத்தாயிரம் போல மிஞ்சும். 2020 நடுவில் அக்காவின் மூத்த மகளுக்குத் தாய்மாமன் சீர் செய்யவும் வீட்டுக்கு ஓடு மாற்றவும் மூன்று லட்சம் தனிநபர் கடன் வாங்கினேன். 2022-இலும் 2024-இலும் அக்கா வீட்டு விசேஷங்களுக்காகவே தலா இரண்டு லட்சம் டாப்-அப் எடுத்தேன். வட்டி 14 சதவீதம், இன்னும் 42 தவணைகள் உள்ளன, நிலுவை 3.66 லட்சம். அவசரத்துக்கென வங்கியில் 1.1 லட்சம் வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு 70,000 ரூபாய் போனஸ் வரும்.

மனைவியைப் பின்னால் அமர்த்தி, பெட்டிகள் கட்டிக்கொண்டு கின்னௌர், ஸ்பிதி மலைப் பகுதிகளுக்குப் போக வேண்டும், குளிர்காலத்திலும் ஓட்ட வேண்டும் என்பது பல வருட ஆசை. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-க்கு அலுமினியப் பெட்டிகள், 18,000 ரூபாய்க்குச் சூடேற்றும் கையுறையும் ஜாக்கெட்டும் எல்லாம் சேர்த்து நாலரை லட்சம் ஆகிறது. அதே தொகைக்கு வங்கிச் செயலி ‘முன்அனுமதி பெற்ற கடன்’ என்று மீண்டும் டாப்-அப் தருகிறது. நண்பர்கள் கேடிஎம் 390 அட்வெஞ்சர்தான் சரி என்கிறார்கள். உடன் வேலை செய்யும் ஒருவர் தன் 2021 ஹிமாலயன் 411-ஐ 1.35 லட்சத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். அடுத்த ஆண்டு அக்காவின் இளைய மகளுக்குச் சடங்கு இருக்கலாம். எந்த வண்டி வாங்கலாம்? கடன் இருக்கும்போது வாங்குவதே தவறா என்ற பயத்தில் தூக்கம் வரவில்லை.

பதில்: வண்டி வாங்குவது தவறு இல்லை. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தபோது என்னைக் கவலைப்பட வைத்தது வண்டி அல்ல, ‘டாப்-அப் எடுத்தேன்’ என்று நீங்கள் மிகச் சாதாரணமாக எழுதியிருக்கும் அந்த இரண்டு சொற்கள்தான். டாப்-அப் என்பது பழைய கடனின் மேல் கொஞ்சம் பணம் சேர்த்து வைப்பது போலத் தோன்றும். உண்மையில் உங்கள் வங்கி ஒவ்வொரு முறையும் பழைய கடனை முடித்துவிட்டு, மீதி அசலையும் புதுப் பணத்தையும் சேர்த்து, மறுபடி அறுபது மாதங்களுக்கு ஒரு புதிய கடனைத் தொடங்கியிருக்கிறது. கிட்டத்தட்டப் பாதி ஏறிவிட்ட படிக்கட்டில் உங்களை மீண்டும் முதல் படிக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

நீங்கள் தந்த விவரத்தை வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டுப் பார்த்தேன். முதல் மூன்று லட்சத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 6,980. அதை அப்படியே விட்டிருந்தால் 2025 நடுவில் கடன் தீர்ந்திருக்கும். இரண்டு ஆண்டில் நிலுவை 2.04 லட்சமாகக் குறைந்த நேரத்தில் இரண்டு லட்சம் சேர்த்தீர்கள். தவணை 9,400-ஐத் தாண்டியது. மறுபடி இரண்டு ஆண்டில் 2.76 லட்சமாக இறங்கியபோது இன்னோர் இரண்டு லட்சம். தவணை 11,075 ஆனது. இதுவரை நீங்கள் கட்டியது ஐந்து லட்சத்துத் தொண்ணூற்று மூவாயிரம். இவ்வளவு கட்டியும், ஐந்தரை ஆண்டுக்கு முன்பு தொடங்கிய தொகையைவிட அறுபத்தாறாயிரம் அதிகமாக இன்று பாக்கி நிற்கிறது. ஒரு தவணைகூடத் தவறாத ஒருவருக்கு இப்படி நேர்ந்திருக்கிறது என்பதைத்தான் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டும்.

இப்போது நாலரை லட்சம் டாப்-அப் எடுத்தால் மொத்தக் கடன் 8.16 லட்சமாகும், தவணை ஏறத்தாழ 19,000. முதல் மாதத் தவணையில் ஒன்பதரை ஆயிரம், அதாவது சரிபாதி, வட்டிக்கே போய்விடும். அறுபது மாதத்தில் கட்டப்போவது 11.4 லட்சம். டாப்-அப் எடுக்காமல் இருக்கிற கடனை மட்டும் முடித்தால் 42 மாதத்தில் 4.65 லட்சம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆறே முக்கால் லட்சம்; நாலரை லட்ச ரூபாய் வண்டிக்கு நீங்கள் தரும் உண்மையான விலை அதுதான். பிராசசிங் கட்டணத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை. மாதம் மிஞ்சும் பத்தாயிரம் இரண்டாயிரமாகச் சுருங்கிவிடும். பெட்ரோல், சர்வீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் அந்த இரண்டாயிரத்துக்குள் அடங்காது. அடுத்த ஆண்டு மருமகளின் சடங்குக்கு அக்கா அழைக்கும்போது நீங்கள் மீண்டும் அதே செயலியைத்தான் திறப்பீர்கள்.

‘முன்அனுமதி பெற்ற கடன்’ என்ற சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தவணையை ஒழுங்காகக் கட்டுகிறவரிடம்தான் வங்கி இந்தச் சலுகையைத் திரும்பத் திரும்ப நீட்டும். அது உங்களுடைய வசதியைக் கணக்கிட்டுத் தரப்பட்ட தொகை என்று நினைத்துவிடாதீர்கள். ஷோரூமில் கேட்டால் இன்னொரு புதிய வழி சொல்வார்கள்: மூன்று ஆண்டு சிறு தவணை, கடைசியில் ஒரு லட்சத்துக்கு மேல் ஒரே தொகை. அந்தக் கடைசித் தொகையைக் கட்டவும் உங்களுக்கு டாப்-அப்தான் நினைவுக்கு வரும் என்பதால் அதையும் தொடாதீர்கள். கடன் வாங்கியே தீர வேண்டும் என்றால்கூட, 24 மாதத்துக்குத் தனி வாகனக் கடனாக வாங்குங்கள். அதற்கு முடிவுத் தேதி உண்டு. ஆனால் உங்களுக்கு அதுவும் தேவைப்படாது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் நீங்கள் சொல்லும் பயணத்துக்கு உகந்த வண்டி, உடன் வேலை செய்பவரின் அந்தப் பழைய 411, உங்கள் தொழிற்சாலை வாகன நிறுத்தத்திலேயே நிற்கிறது.

குளிர்கால மலைச் சாலையில் குதிரைசக்தியைவிட எடைதான் முக்கியம். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பிப்ரவரியில், சிம்லாவிலிருந்து நாரகண்டா ஏறும் சாலையில், வெயில் படாத ஒரு வளைவில் பாறையிலிருந்து கசிந்த நீர் சாலையின் குறுக்கே உறைந்து கிடந்ததை நான் ஈரம் என்றே நினைத்தேன். நடக்கும் வேகத்தில்தான் போனேன். முன்சக்கரம் விலகியது தெரிவதற்குள் வண்டி இடப்புறம் சாய்ந்திருந்தது. பின்புறம் கட்டியிருந்த இருபது கிலோ பையோடு அதை என்னால் தூக்க முடியவில்லை, ஏனென்றால் நிமிர்த்தும்போதெல்லாம் என் காலணியும் வழுக்கியது. சாலைப் பணியாளர்கள் இருவர் வந்து, பையைக் கழற்றி, டயருக்கு அடியில் மண் தூவிய பிறகுதான் வண்டி எழுந்தது. அன்று நான் செலவழித்தது ஒரு கிளட்ச் லீவரும் ஓர் இண்டிகேட்டரும் மட்டும். பின்னால் யாரும் இல்லாததால்தான் அவ்வளவோடு போயிற்று.

ஹிமாலயன் 450 நல்ல வண்டி. 40 குதிரைசக்தி, 17 லிட்டர் டேங்க், 196 கிலோ. நெடுஞ்சாலையில் இருவரும் சுமையும் ஏறினாலும் இளைக்காது. 390 அட்வெஞ்சர் இன்னும் துடிப்பானது, ஆனால் அந்தத் துடிப்பு பனியில் பயன்படாது. தவிர, 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி-க்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம், அதற்குட்பட்டவற்றுக்கு 18 சதவீதம். நீங்களும் உங்கள் நண்பர்களும் சொல்லும் இரண்டு வண்டிகளும் 40 சதவீதப் பக்கத்தில் நிற்கின்றன. புதிதுதான் வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தால், 18 சதவீதப் பக்கத்தில் சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸையும் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 210-ஐயும் பாருங்கள். இரண்டும் 170 கிலோவை ஒட்டியவை. தனியே போகிறவருக்கு நான் இவற்றில் ஒன்றைத்தான் சொல்வேன். இருவர், சுமை, ஏற்றம் மூன்றும் சேரும்போது மட்டும் இவற்றின் எஞ்சினை நிறைய முறுக்க வேண்டியிருக்கும்.

பழைய 411 எடையில் 450-க்குச் சளைத்ததல்ல, சுமார் 199 கிலோ. சக்தியும் 24 குதிரைதான். ஆனால் 32 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தாழ்ந்த சுழற்சியிலேயே கிடைத்துவிடுவதால், சுமையோடு இரண்டாம் கியரில் நிதானமாக ஏறும். இருக்கை 800 மில்லிமீட்டர்தான். வழுக்கும் இடத்தில் இரண்டு பாதங்களையும் ஊன்ற முடிவது ஐந்து குதிரைசக்தியைவிடப் பெரிய பாதுகாப்பு. 2021 வண்டி என்பதால் பின்சக்கர ஏ.பி.எஸ்-ஐ (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பை) அணைக்கும் வசதியும் இருக்கும். முக்கியமாக, அது சாய்ந்து கீறல் விழுந்தால் உங்கள் நெஞ்சு பதறாது. வாங்குமுன் நடு ஸ்டாண்டில் நிறுத்தி ஹேண்டில்பாரை மெல்ல இடவலமாகத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவது போலத் தட்டினால் கோன் செட் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்) மாற்ற வேண்டியது, அதற்கான தொகையை விலையில் குறைத்துக் கேளுங்கள். பிரேக் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பர்களையும் கழற்றிப் பாருங்கள். 2020-இல் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் ஐரோப்பாவிலும் தென்கொரியாவிலும் ஹிமாலயன் உள்ளிட்ட ஏறக்குறைய 15,200 வண்டிகளைத் திரும்ப அழைத்தது, குளிர்காலச் சாலையில் தூவும் உப்பு காலிப்பரை அரித்ததால்தான். உப்புத் தூவிய சாலையில் ஓட்டிவிட்டு வந்தால் அன்றே நல்ல நீரால் கழுவிவிடுங்கள்.

நீங்கள் எழுதிய அலுமினியப் பெட்டிகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். கம்பிச் சட்டமும் சேர்த்தால் வெறும் பெட்டிகளே பதினைந்து கிலோவுக்குக் குறையாது, வண்டி சாயும்போது கால் அடியில் சிக்கினால் எலும்பு முறியும். இருபுறமும் தொங்கும் துணிப் பைகள் அதில் நாலில் ஒரு பங்கு எடை, விலையும் பெரும்பாலும் பாதிக்குக் கீழ். கனமான கருவிகளையும் தண்ணீரையும் டேங்கை ஒட்டிக் கீழே வையுங்கள். பின்புற டாப் பாக்ஸில் உடையைத் தவிர வேறு எதுவும் வேண்டாம், ஏனென்றால் பின்பாரம் ஏற ஏற முன்சக்கரம் சாலையைப் பிடிக்காது. உங்கள் 75 கிலோ, மனைவியின் 55, பைகள் 30 என்றாலே 160 ஆகிவிடுகிறது. கையேட்டில் குறித்திருக்கும் மொத்த எடை வரம்போடு ஒப்பிட்டுவிட்டு, பின் ஸ்பிரிங்கின் பிரீலோடையும் (முன்இறுக்கத்தையும்) டயர் காற்றையும் அதற்கேற்ப ஏற்றுங்கள். சூடேற்றும் கையுறைக்கும் ஜாக்கெட்டுக்கும் எழுதியிருக்கும் பதினெட்டாயிரமும் தேவையில்லை. டிசம்பர் விடியலில் சண்டிகர் தெருக்களில் பால்காரர்களின் வண்டியைப் பார்த்திருப்பீர்கள்: ஹேண்டில்பாரின் இரு முனையிலும் ரெக்ஸின் உறை, உள்ளே கம்பளித் துணி. சில நூறு ரூபாய் உறை காற்றை முழுதாக மறைத்துவிடும், பேட்டரியையும் குடிக்காது. ஏற்கெனவே இருக்கும் ஹெல்மெட்டையும் ஜாக்கெட்டையும் வைத்துக்கொண்டு, நல்ல காலணிக்கு மட்டும் செலவழியுங்கள்.

பயண வரிசையையும் சொல்கிறேன், ஏனென்றால் இதில் பணத்தைவிடப் பெரியது உங்கள் இருவரின் உடல். ராம்பூர், ரெக்காங் பியோ, நாகோ வழியாக ஸ்பிதியின் காசா நகருக்குப் போகும் சாலை குளிர்காலத்திலும் பெரும்பாலும் திறந்திருக்கும். குன்ஸும் கணவாய் மூடிவிடுவதால் மணாலி பக்கம் இறங்க முடியாது, வந்த வழியே திரும்ப வேண்டும். முதல் குளிர்காலத்தில் தனியாக நாரகண்டா வரை பகலில் போய்த் திரும்புங்கள். இருவருமாகக் கின்னௌரில் உள்ள கல்பா போவதை மார்ச் இறுதிக்கு வையுங்கள். ஜனவரி ஸ்பிதிக்கு மனைவியைப் பைக்கில் அழைத்துச் செல்லாதீர்கள்; ரெக்காங் பியோவிலிருந்து பேருந்து உண்டு.

இனி பணம். மிஞ்சும் பத்தாயிரத்தில் ஏழாயிரத்தை வண்டிக்கென ஒரு ஆர்.டி.யில் (மாதாமாதம் போடும் தொடர் வைப்பில்) போடுங்கள். எட்டு மாதத்தில் 56,000, தீபாவளி போனஸ் 70,000, ஆக 1.26 லட்சம். கோன் செட்டைக் காட்டிப் பேசினால் 411-ஐத் தரும் உங்கள் சக ஊழியர் அந்த விலைக்கு இறங்கக்கூடும். அவர் காத்திருக்காவிட்டாலும் அதே ஆண்டு வண்டி வேறு கிடைக்கும். பைகளையும் காலணியையும் அடுத்த இரண்டு மாத மிச்சத்தில் வாங்குங்கள். வெறும் கணக்கு மட்டும் பார்த்தால் இந்தத் தொகையை 14 சதவீதக் கடனில் அடைப்பதே லாபம் என்பதை மறைக்க மாட்டேன்; ஆனாலும் ஐந்தரை ஆண்டாக ஊருக்கும் அக்காவுக்குமே கடன்பட்டு உழைத்தவர் தனக்கென்று ஒன்று வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அது சேமித்த பணமாக இருக்கும்வரை. அவசரத்துக்கு வைத்த 1.1 லட்சத்தைத் தொடாதீர்கள்.

மீதி மூவாயிரம் சீருக்கு. தாய்மாமன் சீரை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அக்கா பிள்ளைகளுக்கு நீங்கள் செய்யாமல் யார் செய்வது? ஆனால் இதுவரை அக்காவும் அத்தானும் தொகையைச் சொன்ன பிறகு நீங்கள் வங்கியைத் தேடினீர்கள். இந்த முறை பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, யாரும் கேட்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள்: ‘அக்கா, சின்னவளுக்கு மாசம் மூவாயிரம் போட்டுட்டு வர்றேன், சடங்கு வர்ற அன்னிக்கு அதுல என்ன இருக்கோ அது அவளுக்கு.’ ஆர்.டி. புத்தகத்தை அக்கா கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றரை ஆண்டில் அது ஐம்பத்து நாலாயிரத்தைத் தாண்டும். பட்டுப்புடவைக்கும் ஒரு சிறு நகைக்கும் அது போதவில்லை என்றால் நகை இன்னும் சிறியதாகட்டும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. முன்அனுமதிக் கடன் அழைப்புகளும் குறுஞ்செய்திகளும் எனக்கு வேண்டாம், செயலியிலும் காட்ட வேண்டாம் என்று வங்கிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, அதன் நகலை மனைவிக்கும் அனுப்புங்கள்.