நீதிமன்றப் பதிவேட்டிலிருந்து நாடக மேடைக்கு: ஜோன் ஆஃப் ஆர்க் குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஜோனைப் பற்றிய முதல் இலக்கியப் படைப்பு அவர் இறந்த பிறகுதான் எழுதப்பட்டதா?

இல்லை. ஆங்கிலேயருக்கு எதிராகப் பிரெஞ்சுப் படையோடு போரிட்ட நாட்டுப்புறப் பெண் ஜோன், 1431-இல் ரூவான் நகரில் திருச்சபை நீதிமன்றத்தால் விசாரிக்கப்பட்டுத் தீயிலிடப்பட்டார். அதற்கு முன்பே, பிரெஞ்சு நகரான ஓர்லெயானை ஆங்கிலேயர் இட்ட முற்றுகை 1429 மே மாதம் முறியடிக்கப்பட்டது. ஜூலை 17 அன்று பிரான்ஸ் மன்னராக ஏழாம் சார்லஸ் முடிசூடினார். அதற்கு இரண்டே வாரங்களில், ஜூலை 31 என்று நாளிட்டு, பெண் கவிஞர் கிறிஸ்டீன் த பிசான் ஜோனைப் போற்றும் நெடும்பாடலை முடித்துவிட்டார். இளம் வயதில் கணவரை இழந்து, எழுத்தையே பிழைப்பாகக் கொண்டு குடும்பத்தைக் காத்தவர் அவர். 11 ஆண்டுகள் கன்னியர் மடத்தில் அழுதுகொண்டிருந்த நான் இப்போதுதான் சிரிக்கிறேன் என்று பாடலைத் தொடங்கி, விவிலியத்தின் எஸ்தர், யூதித், தெபோரா ஆகியோருக்கும் மேலாக ஜோனை வைக்கிறார். ஜோன் உயிரோடிருந்தபோதே இன்னொரு பெண் எழுதிய இந்தப் பாடலை விட்டுவிட்டு ஷேக்ஸ்பியரிலிருந்து வரலாற்றைத் தொடங்குவோர் மீது எனக்கு வருத்தம் உண்டு.

கேள்வி: ஷேக்ஸ்பியர் ஏன் அவரைச் சூனியக்காரி ஆக்கினார்?

ஆங்கிலேய வரலாற்று நூல்கள் அப்படித்தான் சொல்லின. ‘ஆறாம் ஹென்றி’ முதற்பாகம் அவற்றைப் பின்பற்றியது. அந்த நாடகத்தில் ஜோன் பேய்களை அழைக்கிறார், பெற்ற தந்தையை மறுக்கிறார், தீயிலிருந்து தப்பக் கருவுற்றிருப்பதாகவும் சொல்கிறார். ஆயினும், நீரில் எழும் வட்டம் விரிந்து விரிந்தே மறைவதைப் போன்றது புகழ் என்ற அருமையான உவமையும் அதே ஜோனின் வாயில்தான் வருகிறது. பிறர் கையும் கலந்த நாடகம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுவதால், இந்த முரணை ஒருவர் மனத்தின் முரணாகவே கொள்ள வேண்டியதில்லை.

கேள்வி: ஜெர்மன் நாடகாசிரியர் ஷில்லரின் நாடகத்தில் ஜோன் போர்க்களத்தில் இறக்கிறார். இது வரலாற்றுக்குச் செய்த துரோகம் அல்லவா?

துரோகம் என்று நான் சொல்லமாட்டேன். பேரிழப்பு என்று சொல்வேன். பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர் தம் அங்கதக் காவியத்தில் ஜோனின் கன்னிமையைக் கேலிப்பொருளாக்கியிருந்தார். அந்த இழிவைத் துடைக்க விரும்பிய ஷில்லர், 1801-இல் அவரை எதிரி வீரன் லயனல்மீது காதல் கொள்ளவைத்து, சங்கிலியை அறுத்துக்கொண்டு போருக்குத் திரும்பவைத்து, வெற்றிக்கொடியின் அருகே சாகவைத்தார். நினைவில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு: ஜோனின் விசாரணைப் பதிவேட்டை வரலாற்றாய்வாளர் ழூல் கிஷெரா ஐந்து தொகுதிகளாக அச்சேற்றியது 1841-க்கும் 1849-க்கும் இடையில்தான். ஆகவே ஷில்லரும் அவருக்கு முந்தையோரும் ஜோனின் சொந்தக் குரலை முழுமையாகக் கேளாமலே எழுதினார்கள்.

அந்தக் குரல் எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் இடத்தைச் சொல்கிறேன். 1431 பிப்ரவரி 24 அன்று, இறையருள் உன்னிடம் இருப்பதை அறிவாயா என்று அவரிடம் கேட்டார்கள். ‘ஆம்’ என்றால் இறுமாப்பு, ‘இல்லை’ என்றால் குற்ற ஒப்புதல். எழுத்தறியாத, ஏறத்தாழ 19 வயதான அந்த நாட்டுப்புறப் பெண், “இல்லையென்றால் கடவுள் எனக்கு அதை அருள்வாராக, இருக்கிறதென்றால் அதில் என்னைக் காப்பாராக” என்றார். விசாரணையையே மேடைக்குக் கொண்டுவராத நாடகத்தில் இந்த மறுமொழிக்கு இடமில்லை. அதைத்தான் இழப்பு என்கிறேன்.

கேள்வி: அப்படியானால் மார்க் ட்வெய்ன், பெர்னார்ட் ஷா இருவரில் யார் உண்மைக்கு நெருங்கியவர்?

ட்வெய்ன் 1896-இல் வெளியிட்ட நாவலைத் தம் நூல்களிலேயே சிறந்தது என்று கருதினார். அதன் ஜோன் மாசற்றவர். கதை சொல்லும் உதவியாளரோ அவரை வழிபடுபவர். குறையே இல்லாத ஒருவரிடம் நாம் நெருங்க முடிவதில்லை. ஷாவின் ஜோனோ வாயாடி, பிடிவாதக்காரி, தளபதிகளுக்கே பாடம் சொல்பவர். ஜோனுக்குப் புனிதர் பட்டம் கிடைத்த 1920-க்கு மூன்றாண்டுகள் கழித்து அரங்கேறிய அந்நாடகத்தில், நான் மேலே சொன்ன மறுமொழி ஏறக்குறைய அப்படியே இடம்பெறுகிறது. வாழ்நாள் சிறை என்று கேட்டதும் தாம் சொன்னவற்றைக் கைவிடுவதாக ஒப்பமிட்ட மறுப்புரையைக் கிழித்தெறிந்து, வானமும் வயலும் வானம்பாடியும் இல்லாமல் வாழமாட்டேன் என்று ஜோன் பேசுவது ஷாவின் கற்பனை. ஆனால் பதிவேட்டில் நாம் காணும் பெண்ணிடமிருந்தே பிறந்த கற்பனை. ஒரே ஒரு இடத்தில் ஷாவோடு உடன்பட என்னால் இயலவில்லை. விசாரணைக்குத் தலைமை தாங்கிய ஆயர் கோஷோனை நேர்மையான நீதிபதியாக அவர் காட்டுகிறார். 10,000 லிவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) கொடுத்து ஜோனை விலைக்கு வாங்கிய ஆங்கிலேயரின் பிடியிலிருந்த ரூவான் நகரில் நடந்த விசாரணை அது. 1456-இல் திருச்சபையே அந்தத் தீர்ப்பைச் செல்லாதென அறிவித்தது.

கேள்வி: ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட், பிரெஞ்சு நாடகாசிரியர் ஆனுயி ஆகியோரைப் பற்றியும் சொல்லுங்கள்.

பிரெக்டின் ஜோன் சிகாகோ இறைச்சிக்கூடங்களில் வேலையிழந்தோரிடையே தொண்டு செய்யும் வேறொரு பெண். கேள்வி ஒன்றுதான், காலம் வேறு. ஆனுயி 1953-இல், தீ மூட்டியபின் நாடகத்தை நிறுத்தி, விட்டுப்போன முடிசூட்டுக் காட்சியோடு முடித்தார். எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது.

கேள்வி: புதிதாக வாசிப்பவர் எதில் தொடங்கலாம்?

விசாரணைப் பதிவேட்டின் மொழிபெயர்ப்பில் தொடங்குங்கள், பிறகு ஷாவை எடுங்கள். சிறுவயதில் ஏதேனும் கைத்தொழில் கற்றாயா என்று நீதிபதிகள் கேட்கும் பக்கத்தைத் தவறவிடாதீர்கள். தைப்பதிலும் நூல் நூற்பதிலும் ரூவானின் எந்தப் பெண்ணுக்கும் நான் அஞ்சமாட்டேன் என்கிறார் ஜோன்.