விட்டு வந்த இடத்துப் பாட்டு

வாசகர் கேள்வி – பதில்

உறுப்பினர்களின் வாழ்வை முழுவதுமாகத் தன் பிடியில் வைத்திருக்கும் சமயக் குழுக்களிலிருந்து வெளியேறுபவர்கள், முதல் ஓராண்டில் சந்திக்கும் சிக்கல்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துக் கடிதம் எழுதியவர்களில் பலர், இழந்த பணத்தைப் பற்றியோ அறுந்துபோன உறவுகளைப் பற்றியோ கேட்காமல், பாட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். நானும் பதினோரு ஆண்டுகள் அப்படியொரு குழுவின் பாடகர் வரிசையில் நின்றவள். நான்கு கடிதங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் பிறந்ததே அந்தக் குழுவில்தான். வெளியே வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அங்கே சொல்லிக்கொடுத்த எதையும் இன்று நான் நம்பவில்லை. ஆனால், பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் அந்தப் பாடல்கள்தாம் வாயில் வருகின்றன. சில நேரம் கண் கலங்குகிறது. அந்தக் கலக்கத்தில் ஓர் இன்பமும் இருப்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. நான் திரும்பிப் போகத்தான் ஏங்குகிறேனா?

பதில்: இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், நீங்கள் கேட்டிருப்பதில் பாதி உங்கள் கேள்வியே அன்று, வெளியேறுபவர்களைப் பற்றி அங்கே பேசப்பட்ட பேச்சின் எதிரொலி. "போனவர்கள் எல்லாரும் ஒரு நாள் அழுதுகொண்டு திரும்பி வருவார்கள்" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவருக்கு, ஒரு பாட்டுக்குக் கண் கலங்கினாலே அந்த வாக்கு பலித்துவிட்டதோ என்ற நடுக்கம் வரத்தான் செய்யும்.

சிறுவயதிலும் இளமையிலும் கேட்ட பாட்டு, அதற்குப் பிறகு கேட்ட எந்தப் பாட்டையும் விட ஆழமாகப் பதிகிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பெட்ர் ஜனாட்டா, மாணவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, அவர்கள் வளர்ந்த காலத்தில் புகழ்பெற்றிருந்த பாடல்களின் துணுக்குகளைக் கேட்கச் செய்து, 2009-இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். சொந்த வாழ்வின் நினைவைக் கிளறிய பாட்டு ஒலித்தபோது, நெற்றிக்குப் பின்னால் மூளையின் நடுப்பகுதி கூடுதலாக இயங்கியது. 'நான் யார்' என்ற எண்ணத்தோடு தொடர்புடைய பகுதி அது. ஆகவே, துணி மடிக்கும்போது வரும் பாட்டு தனியாக வருவதில்லை. அதைப் பாடிய ஒன்பது வயதுச் சிறுமியையும் கையைப் பிடித்து அழைத்து வருகிறது. நீங்கள் ஏங்குவது அவளுக்காகவும், அவளுக்குப் பக்கத்தில் நின்று பாடியவர்களுக்காகவுமாக இருக்கலாம்.

இன்பத்தைப் பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். பலர் சேர்ந்து ஒரே மூச்சில் பாடும்போது அவர்களுடைய இதயத் துடிப்புகள் சேர்ந்தே ஏறி இறங்குவதை ஸ்வீடனின் கோதன்பர்க் ஆய்வாளர்கள் 2013-இல் பதிவு செய்தார்கள். பாட்டு வகுப்பில் சேர்ந்தவர்களையும், கைவினை வகுப்பிலும் எழுத்து வகுப்பிலும் சேர்ந்தவர்களையும் ஏழு மாதங்கள் கவனித்து, ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஐலுனெட் பியர்ஸ், ராபின் டன்பார் ஆகியோர் 2015-இல் வெளியிட்ட ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். முடிவில் எல்லா வகுப்பினரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தமக்குள் நெருங்கியிருந்தார்கள். ஆனால், பாடியவர்கள் தொடக்கத்திலேயே மற்றவர்களைவிட வேகமாக நெருங்கிவிட்டார்கள். புதிதாக வருபவரைச் சீக்கிரம் கட்டிப்போட நினைக்கும் குழு, முதல் நாளே அவரைப் பாடவைப்பது ஏன் என்று இதிலிருந்து விளங்கும். அந்த நெருக்கம் மனித உடலின் இயல்பு. நீங்கள் அங்கே உணர்ந்த மகிழ்ச்சி உண்மையானது. அதை அவர்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதில்தான் பிழை.

1973-இல் 'மக்கள் ஆலயம்' என்ற அமெரிக்கக் குழுவின் பாடகர்கள் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். அதன் முதல் பாட்டைப் பாடுபவர்கள் குழந்தைகள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1978 நவம்பர் 18 அன்று, கயானா நாட்டின் ஜோன்ஸ்டவுனில் அந்தக் குழுவைச் சேர்ந்த 900-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் குழந்தைகள் மட்டும் சில நூறு பேர். அந்தப் பதிவை இன்று கேட்டாலும் குரல்கள் அழகாகத்தான் இருக்கின்றன. அந்த அழகைத் தலைவர் ஜிம் ஜோன்ஸின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. பாடியவர்களுக்கு உரியது அது. உங்கள் குரலும் அப்படித்தான்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். வெளியே வந்து நான்கு ஆண்டுகள் நான் வாய் திறந்து பாடவே இல்லை. ஒரு நாள் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது எதையோ முணுமுணுப்பதை உணர்ந்தேன். அது பாட்டின் மெட்டுகூட அன்று, இரண்டாம் குரல். வரிசையில் என் இடத்தில் நின்றவர்கள் பாட வேண்டிய பகுதி மட்டும், மெட்டில்லாமல், வேறு யாருக்கும் அடையாளம் தெரியாத ஒரு முனகலாக வந்துகொண்டிருந்தது. மூன்றாம் வரியின் நடுவில் மூச்சு தானாக நின்றது. எங்கள் பாடகர் குழுத் தலைவர் சுண்டுவிரலை மடக்கும் இடம் அது. அவர் விரலை மடக்கினால்தான் நாங்கள் மூச்சு எடுக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்து நான்கு ஆண்டுகளாகியும் என் நெஞ்சு அந்த விரலுக்குக் காத்திருந்தது. மறுநாள் அதே வரியை எனக்குத் தோன்றிய இடத்தில் மூச்சு எடுத்துப் பாடிப் பார்த்தேன். முதலில் தவறு செய்வதுபோல் இருந்தது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது. நீங்களும் வேகத்தை மாற்றுங்கள், சுருதியை இறக்குங்கள், பிடிக்காத வரியை விட்டுவிடுங்கள். அந்தப் பாட்டைப் பாட வேண்டிய முறை என்று ஒன்று இனி இல்லை.

கேள்வி: ஒரே குழுவிலிருந்து வெவ்வேறு காலத்தில் வெளியேறிய ஏழு பேர் மாதம் ஒரு முறை கூடுகிறோம். ஆளுக்கொரு பாட்டு கொண்டுவந்து போட்டுக் காட்டிவிட்டு, அதைப் பற்றிப் பேசுவோம். சென்ற மாதம் ஒரு நண்பர் பழைய குழுவின் ஒலிப்பதிவையே போட்டுவிட்டார். சிலர் சேர்ந்து பாடினார்கள். ஒரு தோழி எழுந்து போய்விட்டார், இன்னும் வரவில்லை. பழைய பாடல்களை மொத்தமாக விலக்கிவிடலாமா?

பதில்: தடை வேண்டாம். எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று முடிவு செய்யும் ஒருவர் உங்கள் நடுவில் உருவாகிவிட்டால், விட்டு வந்ததையே வேறு பெயரில் கட்டத் தொடங்கிவிடுவீர்கள். ஆனால், முன்னறிவிப்பில்லாமல் போட்டது பெரிய தவறு. அதை அந்த நண்பர் உங்கள் தோழியிடம் நேரில் சொல்ல வேண்டும்.

எழுந்து போனவரின் மனம் பலவீனமானது என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். உளவியலாளர் மார்கரெட் சிங்கர், இத்தகைய குழுக்களிலிருந்து வந்தவர்களோடு பணியாற்றி 1979-இல் எழுதிய கட்டுரையில், வெளியேறிய பின்னும் அவர்கள் திடீரென்று பழைய கிறங்கிய நிலைக்குள் நழுவிவிடுவதை விவரித்திருக்கிறார். அதை 'மிதத்தல்' என்று சொல்வார்கள். ஒரு சொல், ஒரு மணம், ஒரு மெட்டு போதும். ஒருங்கிணைப்புச் சபை என்ற குழுவிலிருந்து 1976-இல் வெளியேறி, பின்னர் இத்துறையில் ஆலோசகரான ஸ்டீவன் ஹாசன், ஓதுவதும் பாடுவதும் ஐயம் எழும்போது சிந்தனையை நிறுத்தும் கருவியாகப் பயிற்றுவிக்கப்படுவதை விளக்கியிருக்கிறார். சேர்ந்து பாடியவர்களுக்கு அந்தப் பாட்டு பழைய நட்பை நினைவூட்டியிருக்கலாம். அவருக்கோ அது, கேட்க நினைத்த கேள்வியை விழுங்கிய தருணமாக இருந்திருக்கலாம்.

பழைய பாட்டைக் கொண்டுவருபவர் முந்தைய கூட்டத்திலேயே சொல்லிவிடட்டும். வர விரும்பாதவரிடம் காரணம் கேட்காதீர்கள். ஒலியை நிறுத்தும் பொத்தான், அந்தப் பாட்டால் அதிகம் துன்பப்பட்டவர் கையில் இருக்கட்டும். அவர் பாதியில் நிறுத்தினால் அத்தோடு சரி. கூட்டத்தை யாரும் பதிவு செய்ய வேண்டாம். உறவினர்கள் இன்னும் உள்ளே இருக்கும் ஒருவருக்கு, அந்தப் பதிவு வெளியே போனால் வரக்கூடிய தொல்லை சிறியதன்று. மிதக்கும் நிலை அடிக்கடி வந்து, வேலையையும் தூக்கத்தையும் கெடுக்குமானால், மன அதிர்ச்சிக்குச் சிகிச்சை அளிக்கும் வல்லுநரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

இவற்றோடு, என் குழுவிலிருந்து வெளியேறிய நாங்கள் சிலர் கூடியபோது எங்களுக்கு மிகவும் பயன்பட்ட ஒன்று: பாட்டைப் போடுவதற்கு முன், அதன் சொற்களை மெட்டில்லாமல், செய்தித்தாள் படிப்பதுபோல் ஒருவர் வாசிக்கட்டும். மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன் 1961-இல் வெளியிட்ட நூலில், மனத்தைக் கட்டுப்படுத்தும் சூழல்களின் எட்டு இயல்புகளைப் பட்டியலிடும்போது, மொழியையே சுமையேற்றி வைப்பதை அவற்றுள் ஒன்றாகச் சொல்கிறார். ஒரு சொல்லுக்குள் ஒரு தீர்ப்பை ஒளித்துவைத்துவிட்டால், அதைச் சொல்பவர் சிந்திக்கத் தேவையில்லாமல் போகிறது. மெட்டு இருக்கும்வரை அந்தச் சுமை தெரிவதில்லை. நாங்கள் துள்ளலாகப் பாடிய ஒரு பாட்டில், கேள்வி கேட்கும் நாக்கு கருகட்டும் என்ற பொருளில் ஒரு வரி உண்டு. அதை எங்கள் தோழி ஒருத்தி சாதாரணக் குரலில் படித்து முடித்தபோது, ஆறு வயதுக் குழந்தைகளுக்குக் கைதட்டிச் சொல்லிக்கொடுத்தது இதைத்தானா என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பாட்டை அதன் பிறகு யாரும் கேட்கவில்லை; தடை எதுவும் தேவைப்படவில்லை.

வேறு வகைப் பாடல்களும் உண்டு. ஹெர்பர்ட் ஆம்ஸ்ட்ராங் தொடங்கிய உலகளாவிய கடவுள் சபையின் உறுப்பினர்கள், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்கும் இன்னொரு பத்தில் ஒரு பங்கைத் திருவிழாக்களுக்கும் ஒதுக்க வேண்டியிருந்தது. பிறந்தநாள் கொண்டாட்டம்கூட விலக்கப்பட்டிருந்தது. அவர்கள் பாடிய பாடல்களில் பெரும்பாலானவை அவருடைய தம்பி ட்வைட் ஆம்ஸ்ட்ராங் இசையமைத்தவை. சொற்களோ பெரும்பாலும் விவிலியத்தில் 'சங்கீதங்கள்' எனப்படும் பழைய துதிப்பாடல்களைத் தழுவியவை. நிறுவனர் 1986-இல் இறந்தார். 1990-களில் சபை தன் கொள்கைகளையே மாற்றிக்கொண்டது. உறுப்பினர்கள் பல திசைகளில் பிரிந்தார்கள். பிரிந்த குழுக்கள் சில இன்றும் அதே மெட்டுகளைப் பாடுகின்றன. விவிலியத்தின் அந்தச் சங்கீதங்கள் எந்தச் சபையையும்விடப் பல நூற்றாண்டுகள் மூத்தவை. இப்படிப் பெரிய மரபிலிருந்து இரவல் பெற்ற பாட்டை, இரவல் வாங்கியவரிடமே விட்டுவிட்டு வர வேண்டியதில்லை.

கேள்வி: என் கணவர் பதினெட்டு வயதில் குழுவில் சேர்ந்து, நாற்பதில் வெளியே வந்தார். அங்கே 'உலகப் பாட்டு' எதற்கும் இடமில்லை. இப்போது இரவு இரண்டு மணி வரை, பதின்வயதுப் பிள்ளைகள் கேட்கும் பாடல்களையெல்லாம் ஒன்று விடாமல் கேட்கிறார். "எனக்கு எது பிடிக்கும் என்றே எனக்குத் தெரியவில்லை" என்கிறார். இது சரியாகுமா?

பதில்: இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கேட்காமல் விட்டதை அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், அம்மா. பிடித்தது, பிடிக்காதது என்ற தேர்ச்சி தவறாகத் தேர்ந்தெடுத்துத்தான் வரும். அந்த வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட குழுவிலிருந்து வந்து, தனக்கான பாட்டைக் கண்டடைந்தவர்களும் உண்டு. 1968-இல் கலிபோர்னியாவில் டேவிட் பெர்க் தொடங்கிய 'கடவுளின் குழந்தைகள்' குழுவில் வளர்ந்த கிறிஸ்டோஃபர் ஓவன்ஸ், பதினாறு வயதில் வெளியேறினார். பின்னர் 'கேர்ள்ஸ்' என்ற இசைக்குழுவை அமைத்து, 2009-இல் முதல் தொகுப்பை வெளியிட்டார்.

தூக்கத்துக்காக மட்டும் ஒரு நேர எல்லையைப் பேசி வையுங்கள். மற்றபடி, நாளுக்கு ஒரு பாட்டை உங்களுக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நன்றாக இருக்கிறது, இல்லை என்று நீங்கள் சொல்லாதீர்கள். அவர் வாழ்நாளில் பாதிக்கு மேல் அடுத்தவர் முகத்தைப் பார்த்தே தன் விருப்பத்தை முடிவு செய்தவர். "இதில் எந்த இடம் உங்களைத் தொடுகிறது?" என்று மட்டும் கேளுங்கள். முதல் வாரம் பதில் வராமல் போகலாம்.

கேள்வி: எனக்குத் தெரிந்த தாலாட்டு எல்லாமே அந்தக் குழுவின் பாடல்கள்தாம். கைக்குழந்தைக்கு அவற்றைப் பாடலாமா?

பதில்: முன்னே சொன்னபடி சொற்களை மெட்டில்லாமல் வாசித்துப் பாருங்கள். விழித்திருக்கும் குழந்தையின் கண்ணைப் பார்த்து அந்தச் சொற்களை உங்களால் சொல்ல முடிந்தால், தாராளமாகப் பாடுங்கள். முடியாவிட்டால் மெட்டை வைத்துக்கொண்டு குழந்தையின் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். நான் என் மகளுக்குச் சொல் எதுவும் இல்லாமல் அந்த இரண்டாம் குரலை மட்டும் முனகித் தூங்கவைத்தேன். இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அதைத்தான் அந்தப் பாட்டின் மெட்டு என்று நினைத்துக்கொண்டு, தன் பொம்மைகளை அடுக்கும்போது பாடுகிறாள். மூச்சை அவளுக்குத் தோன்றிய இடத்தில் எடுக்கிறாள்.