அறுபதுகளின் ராக் குழுக்களில் உண்மையிலேயே புதுமை செய்தது பீட்டில்ஸ் மட்டும்தானா?

இல்லை. 1964-ல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் கூம்பைப் பிளேடால் கீறினார். கிடார் கரகரவென்று உறுமியது. (அமெரிக்காவில் லிங்க் ரே என்ற கிடார் கலைஞர் ஐம்பதுகளிலேயே ஸ்பீக்கரில் ஓட்டை போட்டுவிட்டார், அது வேறு கதை.)

பீட்டில்ஸ் செய்தது ஸ்டூடியோவையே வாத்தியமாக்கியது. 1966-ல் 'ரிவால்வர்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். டேப் துண்டுகளை வளையமாக ஒட்டி ஓடவிட்டு, அவை தொய்யாமல் ஆட்கள் பென்சிலால் இழுத்துப் பிடித்திருக்க, அந்த ஒலிகளைக் கலந்தார்கள். அடியில் நம் தம்புரா சுருதி வேறு!

ரோலிங் ஸ்டோன்ஸ்? அருமையான குழு, ஆனால் பெரும்பாலும் கறுப்பின அமெரிக்கர்களின் ப்ளூஸ் இசையை மெருகேற்றியவர்கள்.

என் ஓட்டு நியூயார்க் குழுவான வெல்வெட் அண்டர்கிரவுண்டுக்கே. 1967-ல் வந்த முதல் ஆல்பம் சரியாக விற்கவில்லை. ஆனாலும் அக்குழுவின் ஜான் கேல் வாசித்த வயோலா (வயலினைவிடச் சற்றே பெரிய வாத்தியம்) ஒரே சுரத்தில் அரற்றுவதை அதற்குமுன் எந்த ராக் ரசிகர் கேட்டிருப்பார்?