கேளுங்கள், சொல்கிறோம்: பையரிடம் பேசும் இங்கிலீஷ்

கேள்வி: திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். தமிழ் மீடியத்தில் படித்தவள். வீடியோ காலில் ஜெர்மனி பையர் (நம் சரக்கை வாங்குபவர்) "வங்கதேசத்தில் இதைவிடக் குறைவாகத் தருகிறார்களே" என்று சொன்னால் வாயடைத்துப் போகிறேன். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: சேருங்கள், தப்பில்லை. ஆனால் அங்கே முதல் மாதம் முழுக்க உங்களைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும்தான் பேசச் சொல்லித் தருவார்கள், நீங்கள் மாட்டிக்கொள்வதோ விலை பேசும் இடத்தில். அதனால் முதலில் உங்கள் மேஜையில் இருக்கும் பர்ச்சேஸ் ஆர்டர்களையும் பையர் அனுப்பிய பழைய மெயில்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, அதில் திரும்பத் திரும்ப வருகிற வார்த்தைகளைச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.

அப்புறம் அந்த வங்கதேச விலை. பதறி விலையைக் குறைக்காதீர்கள், "இஸ் தட் எஃப்ஓபி ஆர் லேண்டட்?" என்று கேளுங்கள். எஃப்ஓபி தூத்துக்குடி என்றால் அங்கே கப்பலில் ஏற்றும் வரைதான் நம் செலவு. லேண்டட் என்றால் கப்பல் வாடகை, இன்சூரன்ஸ், அந்த நாட்டு டியூட்டி (இறக்குமதி வரி) எல்லாம் சேர்ந்தது. மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கான சலுகையில் வங்கதேசத்துத் துணி ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் டியூட்டி இல்லாமலே போய்க்கொண்டிருந்தது, அதனால் பையர் சொல்லும் வித்தியாசத்தில் உங்கள் கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாத பணமும் கலந்திருக்கலாம். ஒரே ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை), ஒரே எண்ணிக்கை, ஒரே டெர்ம்ஸ் வைத்துப் பார்க்கலாம் என்பதற்கு அவர்கள் சொல்வது "ஆன் எ லைக்-ஃபார்-லைக் பேசிஸ்". இந்த ஒரு தொடரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், வீடியோ காலில் உங்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

நம் ஆட்கள் அதிகம் தவறுவது இலக்கணத்தில் இல்லை, எண்ணில்தான். "இன்க்ரீஸ்டு பை 10 பர்சென்ட்" என்றால் இருந்ததோடு 10 சதவீதம் கூடியது. "இன்க்ரீஸ்டு டு 10 பர்சென்ட்" என்றால் கூடி 10 சதவீதத்தில் வந்து நிற்கிறது. அதேபோல டியூட்டி 12 சதவீதத்திலிருந்து 9 ஆனால் அது 3 பர்சென்டேஜ் பாயின்ட் குறைவு, 3 சதவீதக் குறைவு இல்லை (கணக்குப் போட்டால் 25 சதவீதம் குறைந்திருக்கிறது). உங்கள் பையர் ஜெர்மனிக்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அவர் 1.200 என்று எழுதினால் ஆயிரத்து இருநூறு, 4,50 என்றால் நாலரை யூரோ. அங்கே புள்ளியும் கமாவும் நமக்கு நேர் எதிர். எண்ணிக்கை உறுதி செய்யும் மெயிலில் எண்ணை எழுத்தாலும் எழுதிவிடுங்கள்.

கேள்வி: எம்.காம். படிக்கிறேன். நாடுகளை ஒப்பிடும்போது பிபிபி (வாங்கும் திறன் சமநிலை) கணக்கில் இந்தியா மூன்றாவது பெரிய பொருளாதாரம் என்கிறார்கள். ஏற்றுமதிச் சந்தையைத் தேர்ந்தெடுக்கவும் பிபிபியைத்தான் பார்க்க வேண்டுமா?
– வாசகர், மதுரை

பதில்: இல்லை. ஒரு டீயோ ஒரு முடிவெட்டோ அந்தந்த ஊரில் என்ன விலை என்பதைச் சரிக்கட்டிப் போடும் கணக்கு பிபிபி. மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஒப்பிட அதுதான் சரி. ஆனால் நம் சரக்கை வாங்குகிறவர் டாலரிலோ யூரோவிலோ பணம் அனுப்ப வேண்டும், ஆகவே சந்தைக்கு நாமினல் ஜிடிபியையும் (அன்றைய டாலர் மாற்று விலையில் போட்ட மொத்த உற்பத்தி) தலா வருமானத்தையும் பாருங்கள். அறிக்கை படிக்கும்போது 1 மில்லியன் 10 லட்சம், 1 பில்லியன் 100 கோடி என்று ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டே படியுங்கள்.