காட்டோர வீடுகளும் பறக்கும் கங்கும்: கேள்வி பதில்

எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கும் தீத்தடுப்புக் குழுவில் பதினொரு வெயில்காலமாகச் சருகு அள்ளிவருகிறேன். காட்டை ஒட்டிக் குடியிருப்பவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். எங்கள் குழுவில் முதல் பாடம் இதுதான்: துடைப்பம் முதலில், கோடரி பிறகு.

புதுக்குடி: அக்கா, காடு எங்கள் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. நாங்களும் கவலைப்பட வேண்டுமா?

வேண்டும். தீ சுவர்போல எழுந்து வந்து வீட்டை விழுங்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பெரும்பாலான வீடுகளைப் பிடிப்பது காற்று அள்ளிவரும் கங்கு. அது ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழும். வெறுந்தரையில் விழுந்தால் தானாக அணைந்துவிடும். அதற்குத் தீனி வைப்பது நாம்தான்: கூரை மடிப்பில் மக்கிய இலை, படிக்கட்டுக்கு அடியில் அடுக்கிய விறகு, சுவரில் சாய்த்த பழைய பலகை.

ஒரு தீ ஓய்ந்தபின் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரெல்லாம் அப்படியே இருந்தது. வாசல் கதவின் கீழ்மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கரி. நார் மிதியடியில் கங்கு விழுந்து, புகைந்து புகைந்து கதவைத் தொட்டிருக்கிறது. வீட்டுக்காரர் திரும்பி வந்தபோதும் மிதியடி புகைந்துகொண்டிருந்ததாம். இன்னும் அரைமணி நேரம் தாமதித்திருந்தால் வீடே இருந்திருக்காது.

அதனால் சுவரிலிருந்து 5 அடிக்குள் எரியக்கூடியது எதுவும் வேண்டாம். ஜல்லியோ கல்லோ போடுங்கள். 30 அடி வரை செடி மரம் இருக்கலாம், ஆனால் விட்டுவிட்டு. விறகு அதற்கும் அப்பால். 100 அடி வரை அடர்த்தியைக் குறைத்தால் போதும்.

சன்னலோரம்: காற்றுத் துளைகளுக்குக் கொசுவலை அடித்திருக்கிறோம். போதுமா?

நைலான் வலை உருகிவிடும். உலோக வலை போடுங்கள், கண் 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

நிழல்: வீட்டைச் சுற்றி எத்தனை அடிக்கு மரத்தை வெட்ட வேண்டும்?

வெட்டச் சொல்லவில்லையே. முதல் பதிலைப் பாருங்கள்.

எட்டாம் வீடு: குழு ஆரம்பிக்க ஆசை. எத்தனை பேர் வேண்டும்? கூப்பிட்டால் யாரும் வருவதில்லை.

அமெரிக்காவில் ஃபயர்வைஸ் என்ற திட்டம் குறைந்தது 8 வீடுகள் சேர்ந்தால் ஏற்றுக்கொள்கிறது. வீட்டுக்கு வருடம் ஒரு மணி நேர உழைப்பு, அல்லது அதற்கு ஈடான செலவு. உழைப்பென்று கேட்பது அவ்வளவுதான். எட்டுப் பேர் கிடைக்காவிட்டால் மூன்று பேரோடு தொடங்குங்கள்.

கூட்டம் போட்டு அழைத்தால் வரமாட்டார்கள். ஒரு காலை தெருவை ஒரு சுற்று நடந்து வாருங்கள். அவரவர் கூரையை அவரவரே அண்ணாந்து பார்க்கட்டும். அப்புறம் தனியாக இருக்கும் வயதானவர் வீட்டில் முதல் வேலையை வையுங்கள். ஏணி ஏற முடியாதவர் கூரையைச் சுத்தம் செய்துவிட்டு இறங்கினால், அடுத்த வாரம் ஆள் தானாக வரும். எங்கள் தெருவில் அப்படித்தான் வந்தார்கள். வராதவர்களுக்கு இதையும் சொல்லுங்கள்: வீடுகள் நெருக்கமாக இருந்தால், எரிகிற பக்கத்து வீட்டைவிடப் பெரிய விறகுக்கட்டு உங்கள் வீட்டுக்குக் கிடையாது.

கணக்கர்: இதெல்லாம் செய்தால் காப்பீட்டுத் தவணை குறையுமா?

என் துறை இல்லை. நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

வெட்டவெளி: மரம் எத்தனை அடி தள்ளி இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லவில்லையே?

மறுபடியுமா! சரி, சொல்கிறேன். கிளை கூரையைத் தொடக் கூடாது. புல்லில் பற்றிய தீ புதர் ஏறி, புதரிலிருந்து தாழ்ந்த கிளை ஏறும். அந்த ஏணியை உடையுங்கள். பெரிய மரமென்றால் அடியிலிருந்து ஆறடிக்கு மேல் கிளை தொடங்கட்டும்.

மரநேசன்: இப்படிச் சொல்லிச் சொல்லியே காட்டை மொட்டையடிக்கிறீர்கள்.

வெட்டவெளி: மரமா உயிரா? நான் எல்லாவற்றையும் வெட்டிவிடுவேன்.

இருவரும் கொஞ்சம் நில்லுங்கள். மரநேசன், நான் மொட்டையடிக்கச் சொன்ன வரி எது? வெட்டவெளி, உங்களுக்கு ஒரு சோதனையைச் சொல்கிறேன். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜாக் கோஹன் கனடாவில் மரச் சுவர்களை நிறுத்தி, எதிரே காட்டையே கொளுத்திப் பார்த்தார். 10 மீட்டரில் நின்ற சுவர் சில தடவை பற்றியது. 20 மீட்டரில் நின்றது பற்றவில்லை. அதற்கப்பால் உள்ள காட்டை மொட்டையடித்து என்ன பயன்? 2018இல் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊர் எரிந்த பிறகு எடுத்த படங்களைப் பாருங்கள். வீடு சாம்பல், பக்கத்திலேயே பச்சை மரம் நிற்கிறது.

மரநேசன்: அப்படியானால் என் வீட்டுச் சுவரோர மரத்தை விட்டுவிடலாம்தானே?

சுவரோரமா! 5 அடிக்குள் என்றால் எடுத்துவிடுவதுதான் நல்லது. உங்களுக்குக் கோபம் வரும், தெரியும்.

குழாயடி: தீ வரும்போது கூரையை நனைத்துக்கொண்டு நிற்கலாமா?

கிளம்பச் சொன்னால் கிளம்புங்கள். குழாயைத் திறந்துபோட்டுவிட்டும் போகாதீர்கள், தீயணைப்பு வண்டிக்குத் தண்ணீர் அழுத்தம் குறையும்.

கோடரி: எத்தனை அடிக்கு மரம் வெட்ட...

துடைப்பம்!

ஞாயிறு: எங்கள் குழு ஞாயிறு மதியம் இயந்திரம் வைத்துப் புல் வெட்டலாமா?

மதியம் வேண்டவே வேண்டாம். காய்ந்த புல்லுக்குள் மறைந்த கல்லில் இரும்புத் தகடு உரசி வரும் ஒரு பொறி போதும். பனி காயுமுன், காற்று எழுமுன் முடியுங்கள். வாளியில் தண்ணீரும் மண்வெட்டியும் பக்கத்தில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் ஒருவர் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். எங்கள் குழுவில் அந்த வேலை எனக்குத்தான். முதுகு வலிக்காத ஒரே வேலை.