பழைய சிட்ரோயன் காரின் எண்ணெய் சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங் வைத்துவிடலாமா?

உங்களைப் போலவே நானும் ஒரு பழைய சிட்ரோயன் பிஎக்ஸை வாங்கி விழித்தவன். பன்னிரண்டு ஆண்டுகளாக அது என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் கார் காலையில் வயிறு தரையைத் தொடுகிற அளவுக்குப் படுத்துக் கிடக்கிறது, நண்பர்கள் ஸ்பிரிங் வைக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். படுத்துக் கிடப்பது நோயே அல்ல. காரைத் தூக்கி நிறுத்துவது அழுத்தத்தில் இருக்கும் எண்ணெய். அதை அனுப்பும் பம்ப் என்ஜின் ஓடினால்தான் ஓடும். வண்டியை நிறுத்திய பிறகு எண்ணெய் மெல்ல மெல்லத் தொட்டிக்குத் திரும்புகிறது, காரும் இறங்குகிறது. பல மணி நேரம் கழித்து இறங்கினால் விட்டுவிடுங்கள். பத்தே நிமிடத்தில் இறங்கினால் எங்கேயோ கசிகிறது என்று பொருள்.

உண்மையான நோய் வேறு. அது கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரும்பு உருண்டை ஒன்று இருக்கிறது. அதற்குள் ரப்பர் சவ்வு, சவ்வுக்கு ஒரு பக்கம் எண்ணெய், மறு பக்கம் நைட்ரஜன். எண்ணெய் அமுங்காது, வாயுதான் அமுங்கும். அதாவது உங்கள் காரில் ஸ்பிரிங் ஏற்கெனவே இருக்கிறது, அது வாயுவால் ஆனது. அந்த வாயு சவ்வின் வழியே ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய்ப் பக்கம் போய்விடும். உருண்டையின் வெளிப்புறத்தில் ஒரு சொட்டு ஈரம்கூட இருக்காது.

மெதுவாகக் கெடுவதால் ஓட்டுகிறவருக்கும் பழகிவிடுகிறது. நான் வாங்கியபோது என் கார் மரக்கட்டை போலக் குதித்தது. பழைய கார் அப்படித்தான் இருக்கும் போல என்று எட்டு மாதம் ஓட்டினேன். உருண்டைகளை மாற்றிய மறுநாள், தினமும் இடுப்பை உடைக்கும் அதே பள்ளத்தில் இறங்கினேன். ஒன்றுமே நடக்கவில்லை. பாதை மாறி வந்துவிட்டேனோ என்று கண்ணாடியில் திரும்பப் பார்த்தேன்.

சோதிப்பது எளிது. என்ஜின் ஓடட்டும், காரின் உயரத்தை மாற்றும் நெம்புகோல் வழக்கமான நிலையில் இருக்கட்டும். காரின் ஒவ்வொரு மூலையையும் கையால் அழுத்திப் பாருங்கள். மெத்தை போல் அமுங்கி எழுந்தால் நல்லது. சுவரைத் தள்ளுவது போல் இருந்தால் அந்த உருண்டையில் வாயு இல்லை.

இந்த நான்கு போக ஐந்தாவதாக ஓர் உருண்டை என்ஜின் பக்கத்தில் இருக்கிறது. அழுத்தத்தைச் சேமித்து வைப்பது அதன் வேலை. அதற்குக் காதுதான் கருவி. என்ஜினை ஓடவிட்டு, எதையும் தொடாமல் நின்று கேளுங்கள். அழுத்தம் ஏறக்குறைய 145 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) இறங்கும்போது பம்ப் நிரப்பத் தொடங்கும், 170ஐத் தொட்டதும் நிறுத்தும். அப்போது 'டக்' என்று ஓர் ஒலி வரும். இரண்டு 'டக்'குகளுக்கு இடையே அரை நிமிடமாவது இருந்தால் நிம்மதி. எனக்கு மூன்று விநாடிக்கு ஒன்று வந்தது. கடிகாரம் ஓடுகிறது என்று அதையும் ரசித்துக்கொண்டிருந்தேன்.

இனி எண்ணெய். இதில் மட்டும் கஞ்சத்தனமும் வேண்டாம், துணிச்சலும் வேண்டாம். உங்கள் காருக்கு எல்எச்எம் என்கிற பச்சை நிறக் கனிம எண்ணெய்தான். பிரேக் ஆயில் கூடவே கூடாது. ஒருமுறை ஒரு பட்டறையில் நல்ல மனத்தோடு என் தொட்டியில் பிரேக் ஆயிலை ஊற்றப் போனார்கள். மூடி திறந்திருந்தபோது தற்செயலாக அங்கே நின்றிருந்ததால் தப்பித்தேன். இல்லையென்றால் ரப்பர் சீல்கள் எல்லாம் உப்பி வீணாகியிருக்கும். 1955இல் வந்த சிட்ரோயனின் டிஎஸ் மாடலின் தொடக்கக் கார்களில் சிவப்புத் திரவம் இருந்தது. அது ஈரத்தை உறிஞ்சி உள்ளே துருவை உண்டாக்கியதால்தான் 1966இன் பிற்பகுதியில் பச்சைக்கு மாறினார்கள். சிவப்புத் திரவக் காரில் பச்சை எண்ணெயை ஊற்றினாலும் இதே கதிதான்.

அளவு பார்க்கும்போது காரை உச்ச உயரத்துக்கு ஏற்றி, என்ஜின் ஓடும்போதே தொட்டியில் எண்ணெய் மட்டத்தைக் காட்டும் மிதவையைப் பாருங்கள். 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றி, தொட்டிக்குள் இருக்கும் இரண்டு வடிகட்டிகளையும் பெட்ரோலில் அலசி உலர்த்திப் போட்டால் போதும். எண்ணெய் திரும்பி வரும் ரப்பர் குழாய்கள் வயதானால் வெடிப்பு விடும். பெரும்பாலான சொட்டுகளுக்கு அவைதான் காரணம்.

உருண்டையை நீங்களே மாற்றலாம். ஆனால் ஒன்று: அழுத்தத்தை விடுவிக்கும் திருகை அசைத்ததும் கார் பொத்தென்று இறங்கும். என் கருவிப்பெட்டி அடியில் இருந்தது, அதன் மூடி இன்றுவரை சரியாக மூடுவதில்லை. அங்கே என் கை இருந்திருந்தால் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. சஸ்பென்ஷனையோ ஜாக்கியையோ நம்பி அடியில் போகாதீர்கள், உறுதியான ஸ்டாண்டுகள் வையுங்கள். பழைய உருண்டை லேசில் கழலாது, அதைச் சுற்றி இறுக்கிப் பிடித்துத் திருப்பும் பட்டைச் சாவி வேண்டும். புதியதைப் பொருத்தும்போது புது சீல் வளையத்தில் அதே பச்சை எண்ணெயைத் தடவி, வெறும் கையால் இறுக்கினால் போதும். பழையதில் வாயு நிரப்பித் தருவோரும் உண்டு. நைட்ரஜன் மட்டும்தான். காற்றை நிரப்பினால் அதிலுள்ள ஆக்சிஜனும் எண்ணெயும் அழுத்தத்தில் சேர்ந்து வெடிக்கலாம்.

(1962இல் வந்த மோரிஸ் 1100 போன்ற ஆங்கிலேயக் கார்களில் இருந்த ஹைட்ரோலாஸ்டிக் என்கிற திரவ சஸ்பென்ஷன் வேறு வகை. அதில் பம்ப் கிடையாது. நீரும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தைத் தனிக் கருவியால் ஏற்ற வேண்டும். அங்கே கார் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அது நோய்தான்.)

கடைசியாக, அந்த ஸ்பிரிங் யோசனை. பிஎக்ஸில் பின் பிரேக்குக்கு அழுத்தம் பின் சஸ்பென்ஷனிலிருந்தே போகிறது. பின்னால் மூன்று பேர் ஏறினால் அங்கே அழுத்தம் கூடும், பிரேக்கும் அதற்கேற்பப் பிடிக்கும். ஸ்பிரிங் வைத்த பிறகு பின் பிரேக்குக்கு அழுத்தம் எங்கிருந்து வரும் என்று உங்கள் நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள்.