புனைவு என்றால் பொய்யா? – கடிதம்

வணக்கம் ஐயா,

ஒரு கட்டுரையை மொழிபெயர்க்கையில் ‘லீகல் ஃபிக்‌ஷன்’ என்பதைச் ‘சட்டப் பொய்’ என்று எழுதினேன். நண்பர் தவறு என்கிறார். ஃபிக்‌ஷன் என்றாலே உண்மையல்லாததுதானே? அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொன்னதே சரி. அந்தச் சொல்லின் அடியில் கிடப்பது களிமண். லத்தீனில் ‘ஃபிங்கெரெ’ என்றால் குழைத்து உருவம் பிடிப்பது. குயவருக்கு அங்கே ‘ஃபிகுலுஸ்’ என்று பெயர். அதில் பிறந்த ‘ஃபிக்தியோ’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. உரைநடைக் கதைகளுக்குப் பெயரானது 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். ‘ஃபிகர்’ இதன் உடன்பிறப்பு. பிசைந்த மாவைக் குறிக்கும் ‘டோ’வும், நாம் ‘தேகம்’ என்று வாங்கிக்கொண்ட சமஸ்கிருத ‘தேஹ’வும் இன்னும் பழைய ஒரே வேரிலிருந்து வந்தவை.

இட்டுக்கட்டுவது என்ற பொருளும் லத்தீனிலேயே சேர்ந்துவிட்டது. பாசாங்கைக் குறிக்கும் ‘ஃபெய்ன்’ அந்தக் கிளை. உங்கள் குழப்பம் அங்கிருந்து வருகிறது.

சட்டத்தில் நடப்பது வேறு. உண்மையல்ல என்று தெரிந்தே ஒன்றை உண்மைபோலக் கொண்டு வழக்கைத் தீர்ப்பதுதான் அங்கே ‘லீகல் ஃபிக்‌ஷன்’. ரோமானியக் குடிமகன் போரில் பிடிபட்டால் அடிமை. அடிமையின் உயில் செல்லாது. சிறையிலேயே அவன் இறந்துபோனால் வாரிசுகள் என்ன செய்வார்கள்? பிடிபட்ட கணத்திலேயே, குடிமகனாக, இறந்துவிட்டதாகக் கொண்டார்கள். உயில் பிழைத்தது. கொர்னேலியச் சட்டம் என்ற பழைய ரோமானியச் சட்டத்தை ஒட்டி எழுந்த ஏற்பாடு இது. அவன் அன்று சாகவில்லை என்பது நீதிபதிக்கும் தெரியும், வாரிசுக்கும் தெரியும். ஏமாந்தவர் யாருமில்லாத இடத்தில் பொய் என்ற சொல்லுக்கு வேலையில்லை. நம் நீதிமன்றங்கள் கோயில் தெய்வத்தைச் சொத்துரிமையுள்ள நபராகக் கொள்வதும் இந்த வகைதான்.

ஆகவே ‘சட்டப் புனைவு’ என்றே எழுதுங்கள். புனைதல் எவ்வளவு நல்ல சொல்! மாலை தொடுப்பது, அணிவது, வண்ணம் தீட்டுவது, செய்யுள் இயற்றுவது எல்லாம் அதில் அடங்கும். நெடுநல்வாடையில் அணிகலன் களைந்து கிடக்கும் அரசியைப் ‘புனையா ஓவியம்’ போல என்கிறார் புலவர். வண்ணம் ஏறாத வெறும் கோட்டோவியம். குயவர் பாண்டம் செய்வதற்கு நம்மிடம் ‘வனைதல்’ இருக்கிறது. ஃபிங்கெரெயின் மூலப்பொருளுக்கு இதைவிட நெருங்கிய தமிழ்ச்சொல் இல்லை. பொருள்தான் ஒன்று, வேர் உறவு கிடையாது, அப்படி எழுதிவிடாதீர்கள்.

நாவல், சிறுகதைகளுக்குப் பொதுவாகப் ‘புனைகதை’ போதும். ‘அறிவியல் புனைவு’, நான்-ஃபிக்‌ஷனுக்கு ‘அபுனைவு’ இரண்டும் நிலைத்துவிட்டன. ‘அவர் சொல்வது ப்யூர் ஃபிக்‌ஷன்’ என்று ஒருவர் எரிச்சலோடு சொன்னால், அங்கே மட்டும் ‘கட்டுக்கதை’ என்று போடுங்கள்.